கடல்நுரைக் கல்லும் கல்சட்டியும் – பழகப் பழக நிறமேறும் இரண்டு கற்களின் வரலாறு

பாத்திரக் கடைக்காரன் புகை பிடிக்கும் சுங்கானைப் பற்றி எழுதுவானேன் என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்கக்கூடும். நான் பிறந்தது வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில். புகையிலை எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. பிழைக்க வந்த இடம் திருவனந்தபுரம் சாலைக் கம்போளம். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவாகி, பிற்காலத்தில் ஆ. மாதவன் அவர்களின் 'கடைத்தெருக் கதைகள்' மூலம் தமிழ் இலக்கியத்தில் இடம் பிடித்த அதே தெருதான். இந்தத் தெருவில் நாற்பது வருஷமாகப் பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், மாக்கல் என்று விற்கிறவனிடம் ஜனங்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, இது கறுத்துப் போச்சே, எப்படி வெளுக்க வைக்கிறது?" என்பார்கள். வெளுக்க வைக்கவே கூடாத பொருள்களும் உலகத்தில் உண்டு. அவற்றில் ஒன்று மேல்நாட்டார் போற்றிய மீர்ஷாம் சுங்கான். மற்றொன்று நம்ம வீட்டு அடுப்படியில் கிடக்கும் கல்சட்டி. இவை இரண்டும் கல்வகையில் பங்காளிகள் என்பதையும், இரண்டின் பராமரிப்பும் ஏறக்குறைய ஒன்றே என்பதையும் இங்கே காண்போம்.

பெயர் வந்த விதம்

'மீர்ஷாம்' என்பது ஜெர்மன் சொல். 'மேர்' என்றால் கடல், 'ஷௌம்' என்றால் நுரை. ஆக, கடல்நுரை என்று பொருள். காய்ந்த நிலையில் இந்தக் கல் தண்ணீரில் மிதக்கும். அவ்வளவு லேசானது, நுரை போன்ற வெண்மையும் உண்டு. கடலில் மிதந்து வந்த நுரை இறுகிக் கல்லானது என்று பழைய காலத்தார் எண்ணியதில் ஆச்சரியம் இல்லை. 1847-ஆம் ஆண்டில் க்ளாக்கர் என்ற ஜெர்மன் அறிஞர் இதற்கு 'செபியோலைட்' என்று அறிவியல் பெயர் வைத்தார். 'செபியா' என்பது கணவாய் மீனைக் குறிக்கும் சொல். கணவாயின் ஓட்டைப் போலவே இந்தக் கல்லும் வெண்மையாக, லேசாக, துளை நிறைந்து இருப்பதே காரணம்.

இதில் நமக்கு ஒரு சுவையான ஒற்றுமை இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் போய் 'கடல் நுரை' என்று கேட்டால் என்ன கொடுப்பார்கள்? கணவாய் ஓட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வடமொழியில் 'சமுத்திரபேனம்' என்பதும் அதுவே. விழிஞ்ஞம், சங்குமுகம் கரைகளில் ஒதுங்கும் அந்த வெள்ளை ஓட்டை நாம் நுரை என்றோம். துருக்கி மண்ணில் கிடைத்த வெள்ளைக் கல்லை ஜெர்மானியர் நுரை என்றனர். பின்னால் வந்த அறிஞர் அந்தக் கல்லுக்குக் கணவாயின் பெயரையே சூட்டினார். ஒருவரை ஒருவர் கேட்காமலே இரண்டு தேசத்தாரும் ஒரே உவமையைப் பிடித்திருக்கிறார்கள்!

நல்ல மீர்ஷாம் கிடைக்கும் முக்கிய இடம் துருக்கி நாட்டின் எஸ்கிஷெஹிர் வட்டாரம். அங்கே கிணறு போல ஆழமாகத் தோண்டி, மண்ணுக்குள் முடிச்சு முடிச்சாகக் கிடக்கும் கற்களை எடுக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது கத்திக்கு இணங்கும் மிருது. காய்ந்தபின் இறுகிவிடும். துருக்கியர் இதை 'லூலே தாஷி' என்பர். சுங்கான் கல் என்று பொருள். வெட்டிய கல்லை 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வியன்னா நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த சிற்பிகள் அதில் தலைகள், குதிரைகள், வேட்டைக் காட்சிகள் என்று செதுக்கி, அம்பர் வாய்க்குழல் பொருத்தி விற்றார்கள்.

சுங்கானும் சுருட்டும் வெற்றிலையும்

புகையிலை நம் நாட்டுக்குப் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த சரக்கு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து அசத் பேக் என்பவர் அதை அக்பர் சபைக்குக் கொண்டுபோனார். ஜஹாங்கீர் 1617-ல் அதற்குத் தடை போட்டுப் பார்த்தார். தடை நிற்கவில்லை. தமிழ்நாட்டில் புகையிலை எவ்வளவு ஊறிவிட்டது என்பதற்கு, சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு தூது நூலே பாடியிருப்பது சான்று. நம் 'சுருட்டு' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கீழே கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். (ஹோம்ஸ் என்றதும் வளைந்த பெரிய சுங்கான் நம் கண்ணில் நிற்கிறதல்லவா? அது நாடகமும் சினிமாவும் தந்தது. கதைகளில் அவர் பிடிப்பது களிமண், பிரையர், செர்ரி மரச் சுங்கான்கள்தான்.)

திருவிதாங்கூரில் நிலைமை வேறு. இங்கே புகையிலை பெரும்பாலும் வெற்றிலையோடு மெல்லுவதற்கே வந்தது. யாழ்ப்பாணப் புகையிலைக்கு இங்கே பெரிய சந்தை இருந்தது. வியாபாரம் முழுவதும் சர்க்கார் ஏகபோகமாக இருந்து, திவான் மாதவராவ் காலத்தில் 1863-ல்தான் விடுபட்டது. மெல்லுகிற ஊரில் சுங்கானுக்கு வேலை குறைவு. ஆகவே மீர்ஷாம் இங்கே வந்ததெல்லாம் துரைமார் கையோடும், பர்மா, சிலோன், மலாயா போய் வந்த நம்மவர் பெட்டியோடும்தான் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் ஏன் இந்தக் கல்லுக்கு அவ்வளவு மவுசு? களிமண் சுங்கான் கையைச் சுடும். கீழே விழுந்தால் உடையும். சாதாரண மரம் கருகும். மீர்ஷாம் துளைகள் நிறைந்ததால் புகையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே அவ்வளவாகச் சூடு தெரியாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரையர் என்ற வேர்க்கட்டைச் சுங்கான் வந்தது. அது மலிவு, உழைப்பும் அதிகம். அப்புறம் சிகரெட்டும் வந்து சேர, மீர்ஷாமின் ராஜ்ஜியம் சுருங்கிப் போயிற்று.

நிறம் ஏறும் முறை

புது மீர்ஷாம் சுண்ணாம்பு போல வெள்ளை. பிடிக்கப் பிடிக்க முதலில் தந்த நிறம், பிறகு இளமஞ்சள், தேன் நிறம், கடைசியில் கருஞ்சிவப்புக் கலந்த பழுப்பு என்று மாறும். இந்த நிறத்துக்காகவே ஆட்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். நிறம் பொதுவாகத் தண்டும் கிண்ணமும் சேரும் அடிப்பாகத்தில் தொடங்கி மெல்ல மேலேறும்.

இது எப்படி நடக்கிறது? செபியோலைட் கல்லின் உள்ளமைப்பு மிக நுண்ணிய குழல்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்தது போன்றது. கல் என்று பெயரே தவிர, குணத்தில் பஞ்சு. சிற்பி செதுக்கி முடித்ததும் உருக்கிய தேன்மெழுகில் சுங்கானை ஊற வைப்பார். மெழுகு துளைகளுக்குள் இறங்கும். பிறகு புகை பிடிக்கும்போது சூட்டில் மெழுகு இளகும். புகையிலையின் பிசினும் ஈரமும் கல்லின் உட்சுவரிலிருந்து மெல்ல மெல்ல வெளிப்பக்கம் கசியும். மெழுகு அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மினுமினுப்பையும் தரும். ஆகவே இந்த நிறம் மேலே பூசியது அல்ல. உள்ளேயிருந்து ஊறி வந்தது.

இதைப் பற்றி ஒரு கதை உண்டு. 1723-ல் அண்ட்ராஷி என்ற ஹங்கேரியப் பிரபு துருக்கியிலிருந்து ஒரு கட்டி மீர்ஷாம் கொண்டுவந்தாராம். கோவாச் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி அதில் இரண்டு சுங்கான் செதுக்கி, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டாராம். அவர் கையில் ஒட்டியிருந்த செருப்பு மெழுகு பட்ட இடமெல்லாம் பொன்னிறம் ஏறியதாம். அதிலிருந்துதான் மெழுகில் தோய்க்கும் வழக்கம் பிறந்தது என்பார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதை நம்புவதில்லை. இருந்தாலும் இந்தக் கதையின் உட்கருத்து எனக்குப் பிடிக்கும். பிரபு வீட்டுப் பொருளின் அழகுக்கு, உழைக்கிறவன் கைக்கறையே காரணம் என்று அந்த ஊர் ஜனங்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அவசரக்காரர்கள் அங்கேயும் இருந்தார்கள். சாயத்தில் முக்கி எடுத்துப் பழசு என்று விற்றவர்கள் உண்டு. செதுக்கும்போது உதிர்ந்த துண்டுகளை அரைத்து, அழுத்திக் கட்டியாக்கிச் செய்த மட்ட ரகமும் உண்டு. அதில் நிறம் ஒழுங்காக ஏறாது. நிறம் சீக்கிரம் வரட்டும் என்று ஓயாமல் சூடேற்றினால் விளிம்பு கருகிப் போகும். அதைத் தவிர்க்க, நெருப்பு மேலே எரியும்படி இன்னொரு சிறு கிண்ணத்தைச் சுங்கான் வாயில் பொருத்திப் பிடித்தவர்களும் 19-ஆம் நூற்றாண்டில் இருந்தார்கள்.

சுங்கானுக்குச் சொன்ன விதிகள்

பழைய சுங்கான் பிரியர்கள் கடைப்பிடித்த விதிகளைச் சுருக்கமாகத் தருகிறேன். புதுசில் நிதானமாக, இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும். சூடாக இருக்கும்போது கிண்ணத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. மெழுகு இளகியிருக்கும் நேரம் அது. விரல் அழுக்கு திட்டுத்திட்டாகப் பதியும். தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது மெல்லிய துணி வைத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே கரி கெட்டியாகப் படிய விடக் கூடாது. பிரையர் சுங்கானுக்குக் கரிப்படிவு காவல். மீர்ஷாமுக்கு அதுவே எமன். சூட்டில் கரி விரிந்தால் கல் விரிசல் விடும். ஆறியபின் மென்மையான துணியாலோ காகிதத்தாலோ துடைத்து எடுத்தால் போதும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. சோப்பு வேண்டவே வேண்டாம். சாம்பலைத் தட்டி உதிர்க்கக் கூடாது. பட்டோ வெல்வெட்டோ வைத்த அதன் சொந்தப் பெட்டியில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் புகை பிடிக்கச் சொல்லித் தரவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்கவும். பொது இடத்தில் புகை பிடிப்பதற்கு எதிராக 1999-லேயே தீர்ப்புச் சொன்னது நம் கேரள உயர் நீதிமன்றம். நாடு முழுவதும் விதி கடுமையானது 2008-ல். புகையிலை ஆளைத் தின்னும் என்பதில் சந்தேகம் இல்லை. நான் பேசுவது கல்லைப் பற்றி.

சேலத்துப் பங்காளி

மேலே சொன்ன விதிகளைப் படிக்கும்போது நம் வீட்டுப் பாட்டிமார் குரல் கேட்கவில்லையா? "சட்டியை அடுப்பிலே சட்டுன்னு ஏத்தாதே. சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்தாதே. சோப்புப் போட்டுத் தேய்க்காதே. கீழே வைக்கும்போது தட்டாதே."

கல்சட்டி செய்யும் மாக்கல், டால்க் என்ற கனிமத்தால் ஆனது. முகத்துக்குப் போடும் பவுடரும் அதே டால்க்தான். முன்பு பள்ளிக்கூடத்தில் சிலேட்டில் எழுதிய பலப்பமும் மாக்கல்தான். டால்க், செபியோலைட் இரண்டுமே மக்னீசியம், சிலிக்கான், ஆக்சிஜன், ஹைட்ரஜன் சேர்ந்த கனிமங்கள். ஒன்றில் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கின்றன. அதனால் தொட்டால் வழுவழுப்பு. மற்றதில் குழல் குழலாக இருக்கின்றன. அதனால் உறிஞ்சும் குணம். எஸ்கிஷெஹிரில் மீர்ஷாம் முடிச்சுகள் உண்டானது மக்னசைட் என்ற வெள்ளைக் கல்லிலிருந்து என்று நிலவியலார் கூறுகின்றனர். சேலத்துக்குப் பக்கத்தில் அதே மக்னசைட் வெள்ளை வெளேரென்று குன்றாக நிற்கிறது. ஆங்கிலேயர் அதைச் சுண்ணக் குன்று என்றே அழைத்தனர். கல்சட்டிக்குப் பேர் போனதும் அதே சேலம் பக்கம்தான். மக்னீசியம் மிகுந்த பூமியில் துருக்கியான் சுங்கான் கண்டான், தமிழன் குழம்புச் சட்டி கண்டான்!

மாக்கல்லின் பழமை மிகப் பெரிது. சிந்துவெளி முத்திரைகள் பெரும்பாலும் இந்த இனக் கல்லில் செதுக்கிச் சூளையில் சுட்டவை. கடும் சூட்டில் அது இறுகி வெளுக்கும். அடுப்படியிலோ எண்ணெயும் மிதமான சூடும் சேர்ந்து அதே கல்லைக் கறுக்க வைக்கின்றன.

கடையில் வாங்கும்போது கல்சட்டி சாம்பல் நிறம். அதைப் 'பழக்க' வேண்டும். என்ன அருமையான சொல் பாருங்கள்! மாட்டைப் பழக்குகிறோம், குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்குகிறோம், சட்டியையும் பழக்குகிறோம். உள்ளும் புறமும் விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ மஞ்சளோடு குழைத்துத் தடவி ஊற விட வேண்டும். வெயிலில் வைத்து, மறுநாள் திரும்பவும் தடவ வேண்டும். அப்புறம் சில நாள் அரிசி கழுவிய நீரோ சூடான கஞ்சியோ ஊற்றி வைத்து, தினமும் மாற்ற வேண்டும். பிறகு சிறு தீயில் தண்ணீர் மட்டும் காய்ச்சி, அதற்கடுத்துத்தான் குழம்பு. இப்படி ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நாளாக ஆகச் சட்டி கருங்குவளை நிறத்துக்கு வரும்.

பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்தால் களிம்பு ஏறும். அதற்காக ஈயம் பூச வேண்டும். கல்சட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, புளிக்கு அசையாது. அடுப்பை அணைத்தபின்னும் வத்தக்குழம்பு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களிலும், நாகர்கோவிலிலிருந்து வந்து குடியேறிய வீடுகளிலும் இது இல்லாத அடுப்படி ஒரு காலத்தில் அபூர்வம்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். மீர்ஷாமில் கறை கல்லுக்குள் ஆழமாக ஊறுகிறது. மாக்கல் அவ்வளவு உறிஞ்சாது. அதன் மேற்பரப்பில் எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாக அமைகிறது. ஆகவே சுங்கானின் நிறத்தைவிடச் சட்டியின் நிறத்தைக் கெடுப்பது சுலபம். காரச் சோப்பும் கம்பி நாரும் சேர்ந்தால் பத்து வருஷப் பழக்கம் பத்து நிமிஷத்தில் போய்விடும்.

தந்தமா, கல்லா?

சில வருஷங்களுக்கு முன் ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். தகப்பனார் காலமானபின் வீட்டைக் காலி செய்கிறார்கள். பழைய பெட்டியிலிருந்து ஒரு சுங்கான் கிடைத்திருக்கிறது. தேன் நிறம், சிங்கத் தலை. "அண்ணாச்சி, இது தந்தமா? வெச்சிருந்தா கேஸ் வருமா? புளி போட்டு வெளுக்க வெச்சா வெலை கிடைக்குமா?" என்று மூன்று கேள்வி ஒரே மூச்சில் கேட்டார்.

திருவனந்தபுரத்தில் இந்தச் சந்தேகம் இயல்பு. தந்த வேலைக்குப் பேர் போன ஊர் இது. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குத் திருவிதாங்கூர் மகாராஜா அனுப்பிய தந்தச் சிம்மாசனம் உலகப் பிரசித்தம். அதே கண்காட்சியில் வியன்னாக்காரர்களின் மீர்ஷாம் சுங்கான்களும் வைக்கப்பட்டிருந்தன. இன்று நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986, 1991 திருத்தங்களும் தந்த வியாபாரத்தை நிறுத்திவிட்டன. ஆகவே பயம் நியாயமே.

அடையாளம் எளிது. தந்தம் கனக்கும், தொட்டால் குளிரும். அதன் வெட்டு முகத்தில் வலை போலக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். மீர்ஷாம் கையில் எடுத்தால் கனமே தெரியாது. மெழுகு ஏறாத இடத்தில் நாக்கு நுனியை வைத்தால் ஒட்டும். துளைகள் ஈரத்தை இழுப்பதே காரணம். அந்த அம்மாளிடம் மூன்றுக்கும் பதில் சொன்னேன். தந்தம் இல்லை, கேஸ் இல்லை, புளி போட்டால் பொருளே இல்லை. மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் விலை கொடுப்பது அந்த நிறத்துக்குத்தான். "அப்பா எப்ப வாங்கினாங்க?" என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல வீட்டில் யாரும் மிச்சம் இல்லை என்றார்.

கறைக்கு வாய் இல்லை

வரலாறு படிக்கிறவர்கள் கல்வெட்டைத் தேடிப் போகிறோம். எழுத்து இருந்தால் அரசன் பெயர், ஆட்சியாண்டு, கொடுத்த நிலம் எல்லாம் தெரிகிறது. சுங்கானிலும் கல்சட்டியிலும் எழுத்து இல்லை, நிறம்தான் இருக்கிறது. எத்தனை வருஷம் ஒரு கை இதைப் பிடித்தது, எத்தனை ஆயிரம் வேளை இதில் குழம்பு கொதித்தது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. சாயம் பூசி அதைக் கொண்டுவர முடியாது. காசு கொடுத்து அந்த வருஷங்களை வாங்க முடியாது. ஆனால் அது யாருடைய கை, எந்த ஊர் அடுப்பு என்று நிறம் சொல்லாது. அதைச் சொல்ல மனுஷர் வேண்டும்.

தமிழில் 'பற்று' என்றால் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்ட மிச்சம். பேச்சில் 'பத்துப் பாத்திரம்' என்கிறோம். பற்று என்றால் பாசமும்தான். வியாபாரி பேரேட்டில் எழுதும் பற்று வரவும் அதே சொல். எங்கள் சமயம் பற்றைக் கழுவச் சொல்லும். ஆனால் தேய்த்துக் கழுவக் கூடாத பற்று ஒன்று உண்டு என்றால், அது இந்தச் சட்டியில் இருக்கிறது என்பேன்.

வெளி மாநிலத்தில் குடியேறிய நம் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். சொந்த ஊரில் இருப்பவனுக்கு வீடு, கோயில், குளம் எல்லாம் சாட்சி சொல்லும். நமக்குப் பெட்டியில் கட்டி எடுத்து வந்தவைதான் சாட்சி. பிள்ளைகள் பெங்களூர், துபாய், அமெரிக்கா என்று போனபின் வீடு பூட்டப்படுகிறது, விற்கப்படுகிறது. பாத்திரங்கள் என் போன்றவர்கள் கடைக்கு வருகின்றன. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் எடை போட்டுக் காசு தருகிறோம். கல்சட்டிக்கு எடை விலை கிடையாது. ஆகவே தென்னை மரத்தடியிலோ, செடி வைக்கும் தொட்டியாகவோ அதன் கதை முடிகிறது. முப்பது நாற்பது வருஷம் பழகிய சட்டி அப்படிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே நேரம், எண்ணெய் தடவிக் கறுப்பாக்கிய புதுச் சட்டியைப் 'பழக்கியது' என்று கூடுதல் விலைக்கு வாங்குகிறவர்களையும் பார்க்கிறேன்.

அதனால் இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு வியாபாரி என்ற முறையில் ஒரு யோசனை. வீட்டில் பழைய கல்சட்டி இருந்தால் சோப்புப் போடாமல் அரிசித் தவிட்டால் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள். பழைய மீர்ஷாம் சுங்கான் இருந்தால் தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் படாமல் மென்துணியால் துடையுங்கள். அம்பர் வாய்க்குழலை வலிந்து திருகாதீர்கள், எளிதில் உடையும். இவ்வளவும் செய்தபின் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில், எந்தக் கல்யாணத்துக்கு, யார் கையில் இருந்தது என்று நாலு வரி எழுதிச் சட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும். எழுத வேண்டிய விவரம் இன்றைக்கு அவர்களிடம் இருக்கிறது.